ஜும்ஆ நேரத்தில் மருந்துக்கடை

கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நத்தார் ஆராதனையில் எங்கள் போதகர், "இந்தச் சிரிப்ப வேலைக்கும் கொண்டு போங்க" என்று சொல்லி எல்லோருக்காகவும் ஜெபித்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. கல்முனையில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் முதலாளியும் மற்றவர்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டார்கள். வழக்கம்போல் கடை என் பொறுப்பில்.

மகனுக்குக் காய்ச்சல் என்று நிந்தவூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், பாணி மருந்து வாங்கினார். எவ்வளவு கொடுப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மற்ற நாளென்றால் "போத்தல்ல இருக்குத்தானே" என்றிருப்பேன். இன்று மூடியில் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டினேன்.

"உங்கட பெருநாள் முடிஞ்சிட்டே தங்கச்சி, இன்னும் சிரிச்சிட்டு இரிக்கீங்க?"

"போதகர் சொன்னவர், ராத்தா. எத்தின நாளைக்கு இருக்குமோ தெரியா."

"வருஷம் முழுக்க இருக்க நான் துஆ கேக்கன்."

போதகரின் ஜெபத்தோடு ராத்தாவின் துஆவும் சேர்ந்துவிட்டது. இனி நான் எங்கே போய் முகத்தைச் சுளிப்பது? நீங்களே சொல்லுங்கள்.