தேங்காய்ப்பால் என்று சொன்னேன்

எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். ஆனால் என் சமையலைக் குறை சொன்னவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் கர்வத்தோடுதான் ஒரு யூத அம்மாள் வீட்டுக்குச் சமைக்கப் போனேன்.

ஒல்லியான உடம்பு, வெள்ளைத் துணி கட்டிய தலை, மலாய் கலந்த தமிழ், பேச்சின் முடிவில் அடிக்கடி ஒரு 'லா'. சாலட் இலைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி இல்லை என்று பார்த்த பிறகுதான் என்னிடம் தருவார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையல் முடிய வேண்டும். கோழி வைக்கிற சாப்பாட்டில் பாலோ தயிரோ சேரக்கூடாது. அது அவர்கள் வேதச் சட்டம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாலட்டுக்கு எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் கலந்தேன். நாக்கில் வைத்தால் சப்பென்று இருந்தது. இரண்டு கரண்டி தயிர் என்ன செய்துவிடும் என்று அடித்துக் கலந்துவிட்டேன்.

கோழியோடு அதைச் சாப்பிட்டவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லாருக்கு லா! வெள்ளையா என்ன போட்டே, தேங்காய்ப்பாலா?"

"ஆமாம்மா, தேங்காய்ப்பால்தான்."

"கெட்டிக்காரி நீ!" என்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

மறுவாரம் பயந்துபோய், உண்மையாகவே தேங்காய்ப்பால் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தார்.

"போன வாரம் மாதிரி இல்லையே. கைப்பக்குவம் மறந்துபோச்சா?"

அவர் ஊரைவிட்டுப் போகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் இதையே கேட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "தேங்காய் சரியில்லைம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.