புறவாசல் குற்றாலம்

தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலம் போவது எப்போதுமே அடுத்த வாரம்தான். பஸ் ஏறினால் கால் மணி நேரம். அதனாலேயே போக மாட்டோம். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்து வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டை ஜன்னலில் பறக்கவிட்டபடி எங்கள் தெரு வழியாகப் போவார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கூட்டம் குறையட்டும், அடுத்த வாரம் போவோம்" என்போம். அருவி எங்கே போய்விடப் போகிறது என்ற நினைப்பு. என் மகனுக்கு ஆறு வயதாகியும் அவன் ஒரு தடவைகூட அருவியில் தலை காட்டியதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் மட்டும் கண்டிப்பாகப் போவது என்று முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் லீவில் வருகிறார் என்பதுதான் காரணம்.

அவர் பட்டாளத்தில் இருக்கிறார். பக்கத்து இலத்தூரில் வயலும் வரப்புமாக இருந்த குடும்பம். இப்போது வீட்டுக்கு ஒருவர் போலீஸிலோ பட்டாளத்திலோ இருக்கிறார்கள். நான் தென்காசியில் பள்ளிக்கூட டீச்சர். இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். அவர் போன தடவை வந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. நடுவில் அவளுக்கு அப்பா என்றால் போன்தான். சாயங்காலம் போன் அடித்ததும் "அப்பா" என்று ஓடி வருவாள், திரையில் ஒரு முத்தம் கொடுப்பாள், "டாட்டா" சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அப்பா மே மாதக் கடைசியில் ஒரு காலையில் பெட்டியும் பையுமாக வாசலில் வந்து நின்றார். மகன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். மகள் என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"அப்பா வந்திருக்காங்க பாரு" என்றேன்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் என் போனை எடுத்துவந்து நீட்டினாள். "அப்பா இதுல இருக்காங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவில்லை. அவர் ஒரு அறைக்குள் வந்தால் அவள் அடுத்த அறைக்குப் போனாள். பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை இழுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். அவர் வாங்கி வந்த பொம்மையைக்கூட நான் கொடுத்தால்தான் வாங்கினாள். எனக்குப் பொறுமை என்பது வகுப்பறையோடு சரி. ஒரு நாள் அவளைப் பிடித்து இழுத்து, "பெத்த தகப்பன்கிட்ட போகாம அப்படி என்னட்டி பிடிவாதம்?" என்று சத்தம் போட்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டார்.

"அவள ஏன் ஏசுத? அவளுக்கு நான் யாரு? பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவன் மாதிரிதானே. தெரியாத ஆள் மடியில நீ போய் உக்காருவியா?"

பேச்சு அப்படித்தான் இருந்தது; ஆனால் மத்தியானம் அவள் தூங்கும்போது ஓசைப்படாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அவளுடைய உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார். அவள் புரண்டால் எழுந்து வந்துவிடுவார். அதைப் பார்த்த அன்றைக்குச் சமையல்கட்டில் நின்று அழுதேன். லீவு முடிவதற்குள் இவள் அவரிடம் போயாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அதற்குள் இன்னும் தூரமாகிவிடுவாள் என்பதே எனக்கு எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

என் யோசனை குற்றாலம்தான். தண்ணீரைக் கண்டால் பயப்படுவாள், பயந்தால் அவரைக் கட்டிப்பிடித்துத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மே மாத ஆரம்பத்தில் வந்தால் அருவியில் வெறும் பாறைதான் இருக்கும் என்று அவரைக் கடைசி வாரத்தில் வரச் சொன்னதே நான்தான். வானம் என் கணக்கையெல்லாம் கேட்கவில்லை. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. சாரல் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருப்போம். இது சாரல் இல்லை. மேற்கே மலை என்று ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி மூட்டம் போட்டு, காலையும் மாலையும் ஒரே நிறத்தில் கிடந்தது. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று தினமும் செய்தி வந்தது. மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கும் கிடையாதா?" என்பான். நான் அவனையும் ஏசினேன், மழையையும் ஏசினேன்.

ஒரு காலையில் மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அவ்வளவுதான், வீடு அமர்க்களப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவதுதான் வழக்கம். இரண்டு பிள்ளைகளுக்கும் தலை முதல் கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்து, பழைய துணியைச் சுற்றி, தெருமுனை ஆட்டோக்காரரை வரச் சொல்லி ஏறினோம். வழியில் ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கிக்கொண்டோம்.

அருவிக்குப் போகிற வழியில் தடுப்பு வைத்திருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் கையைக் காட்டினார். "தண்ணி கூடிட்டு அண்ணாச்சி. இப்பதான் நிறுத்துனோம். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திரும்புங்க" என்றார். அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துச் சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. அதன் கண் முழுக்க எங்கள் பழச்சீப்பில் இருந்தது. நான் சீப்பைச் சேலைக்குள் மறைத்தேன். பெற்ற அப்பாவைக் கண்டால் ஒளிகிற என் மகள், அந்தக் குரங்கைக் கண்டதும் என் மடியிலிருந்து எட்டிக் கையை நீட்டினாள். "பழம் குடு, பழம் குடு" என்றாள். ஆட்டோ திரும்பிவிட்டது. தென்காசி வரும் வரைக்கும் "குரங்கு, குரங்கு" என்று அழுதாள். அவர் அவளையே பார்த்தபடி வந்தார். இறங்கும்போது ஆட்டோக்காரர் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "எண்ணெயத் தேச்சு விட்டுட்டியளே அண்ணாச்சி. அடுத்து ஏறுத ஆளு வழுக்கிக்கிட்டுல்லா போவும்" என்றார்.

எண்ணெய்ப் பிள்ளைகளை வெந்நீரில் கழுவி உட்கார வைப்போம் என்று நான் அடுப்பைப் பற்றவைத்தேன். மழை வலுத்தது. எங்கள் வீட்டுப் புறவாசலில், மொட்டை மாடித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொட்டும். அது அன்றைக்கு முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றார். அருவிக்கரைப் போலீஸ்காரர் மாதிரி, மகனுடைய விளையாட்டு விசில் அவர் வாயில் இருந்தது.

"ஏலே, வரிசையில வா. ஆம்பிளைக்கு இந்தப் பக்கம், பொம்பிளைக்கு அந்தப் பக்கம். ஒரு ஆள் அஞ்சு நிமிசம்தான்."

மகன் கூச்சலோடு குழாயடியில் பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் விசிலை ஊதினார். "போதும், நகரு, நகரு. பின்னால ஆளு நிக்குல்லா." அவன் வெளியே வந்து மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். வரிசையில் அவன் ஒருவன்தான். நான் எட்டிப் பார்த்ததற்கு, "ஏம்மா, பொம்பிளைங்க வரிசை அங்கன" என்று எனக்கும் ஒரு விசில் கிடைத்தது. பட்டாளத்து மனுஷனுக்கு இவ்வளவு கோமாளித்தனம் வரும் என்று கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

மகள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் அவள் மூக்கு நுனியில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே.

அவர் அவளைக் கூப்பிடவில்லை. விசிலை மகனிடம் கொடுத்துவிட்டுத் துவைக்கிற கல்லின் மேல் ஏறிக் குந்தினார். கொட்டுகிற மழையில் விலாவைச் சொறிந்தார். கன்னத்தை உப்பவைத்து இரண்டு தரம் உறுமினார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, குரங்கு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்க்கலாம்.

அவள் உள்ளே ஓடிப் பழச்சீப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றைப் பிய்த்தாள். படியில் இறங்கினாள், நின்றாள், இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். கல்லுக்குப் பக்கத்தில் போய்ப் பழத்தை நீட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு உரித்து, முழுப் பழத்தையும் ஒரு கன்னத்தில் அடக்கினார். அவள் சிரித்தாள். வயிறு குலுங்க, எண்ணெய்த் தலை ஆட, அப்படி ஒரு சிரிப்பு. இரண்டாவது பழம், மூன்றாவது பழம். ஆறாவது பழத்துக்கு அவள் கல்லின் மேலேயே ஏறியிருந்தாள்.

அப்போதுதான் குரங்கு மெதுவாகத் திரும்பி, அவள் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தது. முடியை விலக்கி, எதையோ எடுத்து, வாயில் போட்டு மென்றது. அவள் அசையாமல் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்காலைத் திருட்டுத்தனமாகத் தொட்ட விரல் இப்போது அவள் உச்சந்தலையில் தாராளமாக நடமாடியது. பிறகு குரங்கு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் போய் நின்றது. தண்ணீர் விழுந்ததும் அவள் வீரிட்டு அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் போட்ட கணக்குதான். ஆனால் அதை முடிக்க என் மாதிரி ஆளால் ஆகியிருக்காது. பயமுறுத்திச் சேர்க்க நினைத்தவள் நான். காத்திருந்து சேர்ந்தவர் அவர்.

குளித்து முடித்துத் துவட்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். எட்டுப் பழம் தின்ற வயிறு.

மீதி லீவு முழுக்க மழைதான். தினமும் எண்ணெய், தினமும் விசில், தினமும் ஒரு சீப்புப் பழம். அருவியை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் என் மனசை அறுத்தது. அவள் அவர் மடியில் உட்கார்ந்தாள், அவர் கையால் சோறு உண்டாள், ஆனால் கூப்பிட்டது "குரங்கு" என்றுதான். "அப்பானு சொல்லுட்டி" என்று நான் ஆரம்பித்தால் அவர் தடுப்பார்.

"விடு. கூப்பிடுதாள்ல, அது போதும்."

போதாது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. கிளம்புகிற அன்று ஸ்டேஷனில் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். ரயில் நகரப் போகிற நேரத்தில் அவளை எழுப்பாமல் என் தோளுக்கு மாற்றிவிட்டு ஏறினார். அவள் டாட்டாகூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. லீவுக்கு எங்கே போனாய் என்று வகுப்பில் மகனிடம் கேட்டதற்கு, "குற்றாலம். எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கு" என்றானாம். அதற்குள் வானம் வெளுத்து, மலை தெரிந்து, அருவியில் எல்லோரையும் குளிக்க விட்டிருந்தார்கள். நாங்கள் அடுத்த வாரம் போவோம் என்றிருந்தோம்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக முகம் பார்த்துப் பேச போன் வந்தது. யூனிபார்மில், மொட்டையாக முடிவெட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போனை மகளிடம் கொடுத்தேன். முத்தம் கொடுப்பாள், டாட்டா சொல்வாள் என்று பார்த்தேன். இரண்டுமே இல்லை. முதல் நாள் வாசலில் பார்த்த அதே பார்வை. பிறகு போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று என் மனசு விட்டுப்போயிற்று. "விளையாடப் போயிட்டா" என்று அவரிடம் சமாளித்தேன். "சரி, சரி" என்றார்.

திரும்பி வந்தாள். கையில் ஒரு பழம். அதைத் திரைக்கு நேராக, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"அப்பா, இந்தா" என்றாள்.

அவர் பின்னால் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. யூனிபார்மோடு விலாவைச் சொறிந்தார். கன்னத்தை உப்பவைத்தார். கையை நீட்டி வெடுக்கென்று பிடுங்குவது மாதிரி பிடுங்கிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மகள் சிரித்தாள். அவர் திரும்பவில்லை. சிரித்து முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அப்போதும் திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது.

மகன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அம்மா, அப்பா இன்னும் தின்னுதாங்களா?"

"ஆமாலே" என்றேன். "இன்னும் தின்னுதாங்க."