கல் பார் வாசலில் சிக்கிய ஃப்ரிட்ஜ்

வேலை பார்த்த மில் மூடிய பிறகு, ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரம் இருக்கும் கல் பாரில் சப்ளையராகச் சேர்ந்தார் மண்ணாங்கட்டி. பதினெட்டு வருஷம் ஆகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். இரண்டு முழக் கனத்தில் கருங்கல் சுவர், ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, போக வர ஒரே ஒரு வளைவு வாசல். அதுவும் மேலே போகப்போகக் குறுகும்.

போன சித்திரையில் முதலாளி இராமதாஸ் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார்.

"வாசல அளந்தீங்களா?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

"கண்ணாலயே அளந்துட்டேன்யா."

காலை பதினொரு மணிக்கு நாலு பேர் அதைத் தூக்கித் தள்ளினார்கள். பாதி போனது. அதற்குமேல் ஃப்ரிட்ஜின் இரண்டு தோளும் வளைவில் இறுகிக்கொண்டன. பின்னால் இழுத்தாலும் வரவில்லை. உள்ளே பதினாலு வாடிக்கையாளர்கள், கூடவே மண்ணாங்கட்டி.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். "இன்னிக்கி வேலைக்கு வர முடியாதுன்னு மேஸ்திரிகிட்ட நீயே சொல்லு மொதலாளி" என்று பெயிண்டர் தேவதாஸ் ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார். ஒரு மணிக்கு வறுத்த பட்டாணி தீர்ந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

சேதி கேட்டு மண்ணாங்கட்டியின் மனைவி தனக்கொடி ஸ்கூட்டியில் வந்து, கம்பிக்கு வெளியே நின்றாள்.

"யோவ், சோறு ஆறுது. வரியா இல்லியா?"

"வாசல்ல ஃப்ரிட்ஜ் நிக்குது தனம்."

"இத்தினி வருசத்துல இதான் புது சாக்கு."

இராமதாஸ் கொத்தனாரைக் கூட்டிவந்து வளைவை உடைக்கச் சொன்னார். "நடுக்கல்ல எடுத்தா மொத்தமும் உங்க தலையில எறங்கும்" என்று கொத்தனார் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மண்ணாங்கட்டிக்கு நல்ல பசி. தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜையே முறைத்தார். அதன் அடியில் வாசற்படிக் கல் தெரிந்தது. அரையடி உயரம். சுண்ணாம்புக் காரை என்றோ உதிர்ந்து, கல் வெறும் மணலில் கிடந்தது.

"மேல இடிக்காதீங்க! கீழ எடுங்க!"

கடப்பாரையால் நெம்பிப் படிக்கல்லை உருவியதும் ஃப்ரிட்ஜ் தொம்மென்று இறங்கியது. ஒரே தள்ளு, உள்ளே போய்விட்டது.

"எல்லாரும் கெளம்பலாம்" என்றார் இராமதாஸ். ஒருவரும் எழவில்லை. "ஒரு மணி நேரத்துல சில்லுனு ஆயிடும்" என்றார் தேவதாஸ்.

மண்ணாங்கட்டி மட்டும் ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து கடையில் ஓர் ஆணி அடிப்பதானாலும் இராமதாஸ் அவரைக் கேட்காமல் அடிப்பதில்லை. தனக்கொடிதான் வீட்டில் கட்டிலை நகர்த்தக்கூட அவரிடம் யோசனை கேட்பதில்லை.