கேசரிக்கு இனிப்புப் பார்த்தவர்

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே அவருடைய மாத்திரைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. உயிர்வேதியியல் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி கிடைத்ததில் கொஞ்சம் உற்சாகம்கூட. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரை, பின்னால் ஒரு பெரிய மாத்திரை. அவர் செல்போனில் காலை ஏழே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். அடித்ததும் மாத்திரை, கால் மணி நேரத்தில் இட்லி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அப்பா. கொடுத்த அளவில் நூலளவு பிசகமாட்டார்.

அக்காவின் நிச்சயதார்த்தத்தன்றும் அலாரம் அடித்தது. மண்டப வாசலில் நின்றிருந்தவர் மாத்திரையை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேட்டூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்கு வந்துவிடுவார்கள், வந்ததும் டிபன் பந்தி என்பது ஏற்பாடு.

எட்டரைக்குப் போன் செய்தால், ஓமலூரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதுக்கு அப்பாவின் நெற்றி வியர்த்தது. தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை. சந்தனக் கிண்ணத்தை வாங்கியபோது அவர் விரல்கள் நடுங்கின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சின்ன மாத்திரைக்குப் பந்தி தாமதம் என்றெல்லாம் தெரியாது. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

"அப்பா, வாங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுரலாம்."

"பேசாம இரு சாமி. மாப்பள ஊட்டுக்காரங்க கை நனைக்கறதுக்கு முந்தி பொண்ணப் பெத்தவன் பந்தியில உக்காந்தா ஊரே சிரிக்கும்."

"மயக்கம் போட்டு உழுந்தா சிரிக்கமாட்டாங்களா?"

"அதுக்கு அழுவாங்க. அது பரவால்ல."

சர்க்கரை போட்ட காபியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "இதத்தான நீ வெசம்னு சொன்னே?" என்று தள்ளிவிட்டார். சொன்னது நான்தான், அதே வார்த்தையில்.

சமையல்கூடத்துக்கு ஓடி மாஸ்டரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "முன்னாடி போடற மாத்திரைங்களா?"

"ஆமாங்க."

"எனக்கும் அதேதான்." சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, நேரே வாசலுக்கு நடந்தார்.

"ஏனுங்க, கேசரி எறக்கியாச்சு. எனக்குச் சுகரு, வாயில வெக்கறதில்லீங்க. நீங்க வந்து இனிப்புப் பாத்துச் சொல்லோணும். சம்மந்தி எலைக்குப் போறது, நாளைக்கு ஒரு சொல்லு வந்துரப்படாது பாருங்க."

அப்பா உடனே கிளம்பிவிட்டார். பந்தியில் உட்காருவதுதான் குற்றம், சமையல் பார்ப்பது கடமையல்லவா.

தொன்னை நிறையக் கேசரி வந்தது. சாப்பிட்டார். "செரியாத்தான் இருக்குது."

"இது மேலால எடுத்ததுங்க. அடியில எப்படின்னு பாருங்க."

அடியிலும் பார்த்தார். பிறகு இட்லி வெந்திருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த தட்டில் அவிந்தது வெந்திருக்கிறதா என்று பார்த்தார். பொங்கலுக்கு வந்தபோது விரல்கள் அடங்கிவிட்டன, முகத்தில் பழைய பட்டறைக் கெடுபிடி திரும்பியிருந்தது. "சட்னியில உப்பு தூக்கலு. இத எலையில வெக்காதீங்க" என்றார்.

"நீங்க இப்படிக் கொற சொல்லோணும்னுதாங்க காத்திருந்தேன்" என்று மாஸ்டர் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

வேன்கள் வந்தபோது அப்பா கை கழுவிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்போல வாசலில் கும்பிட்டு நின்றார்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விசேஷ நாளில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், இட்லி இலையில் விழுந்த பிறகு மாத்திரையைப் பிரித்தால் போதும் என்று எனக்குத்தான் முதலில் பாடம் விழுந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"கை நடுங்குனப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலீங்கம்மா. இனிப்பும் உப்பும் பாத்தேன், அவ்வளவுதான்."

"எவ்வளவுக்குப் பாத்தீங்க?"

அப்பா கூரையைப் பார்த்து யோசித்தார்.

"நாலு இட்லிக்குங்க."