ரோசம்மாள் கல்லறைக் கள்ளி

புத்தூர் பிலோமின்ராஜ் வாத்தியார் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. தாவரவியல் வாத்தியாருக்கு அதட்டல் எதற்கு, செடி என்ன எதிர்த்தா பேசப் போகிறது என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவருக்கு உயிரான செடியோ, செடி மாதிரியே இருக்காது. எழுபதில் தாய்நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன மெக்சிகோ பாலைவனக் கள்ளி அது. முள் கிடையாது. வெடித்த கருங்கல்லைத் தொட்டியில் அமுக்கி வைத்தாற்போலக் கிடக்கும். ஒரு மாமாங்கம் போனாலும் விரற்கடை வளர்ந்தால் அதிசயம். என்றாவது ஓர் ஐப்பசியில் நடுவிலிருந்து ரோஜா நிறத்தில் பூ வரும் என்று சாமியார் சொல்லியிருந்தார். வாத்தியார் காத்திருந்தார்.

காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். மனைவி ரோசம்மாள் காபியை நீட்டிக்கொண்டே, "உங்க மூத்தாளைப் பாத்தாச்சா?" என்பாள். அவர் சிரிப்பார். அவளும் சிரித்ததாகத்தான் அவருக்கு நினைவு.

எண்பத்தொன்றில் மஞ்சள் காமாலை வந்து ரோசம்மாள் போய்ச் சேர்ந்தாள். மனிதர் ஒடிந்து போனார். தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதை அவளுக்குக் கொடுக்க நினைத்து, கள்ளியைத் தொட்டியோடு அவள் கல்லறை மேட்டில், தலைமாட்டில் பதித்து வைத்தார். மழை பட்டால் கள்ளி அழுகிவிடும். அதனால் தூறல் விழுந்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி, மேட்டின்மேல் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். பெண்டாட்டி நனையக் கூடாதாம் என்று தெருவே கண்கலங்கியது. வாத்தியார் மறுக்கவில்லை. வருகிற நல்ல பெயரை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

எண்பத்தைந்தில், கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் முன்பு, கள்ளியின் நடுவே பஞ்சு போலிருந்த இடத்தில் மிளகளவு மொட்டு தெரிந்தது. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

திருநாளன்று செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாகப் போனார். அந்த நாளுக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிப்பது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். ரோசம்மாளின் தங்கை லூர்துராணி காட்டூரிலிருந்து முன்னதாகவே வந்து அடித்து முடித்திருந்தாள். மேடு, சிலுவை, சுற்றிப் பதித்த கற்கள் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. கள்ளியும் வெள்ளை.

வாத்தியார் முட்டி போட்டு உட்கார்ந்து ஈரத் துண்டால் துடைத்தார். கொழுந்தியாள் மனசு நோகக் கூடாதே என்று, "பரவால்ல லூர்து. கல்லுன்னு நெனச்சிட்டே. எல்லாரும் ஏமாறுறதுதான்" என்றார்.

லூர்துராணி சுண்ணாம்பு மட்டையை வாளிக்குள் போட்டாள்.

"கல்லுன்னு நெனச்சு அடிக்கல அத்தான். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உசிரோட இருந்தப்பதான் இதைக் கட்டிக்கிட்டு அழுதா. மண்ணுக்குள்ள போயும் இது தலைமாட்டுலயா? அக்கா எங்கிட்ட வந்தா இந்தப் பொலம்பல்தான்."

"அவ சிரிச்சுக்கிட்டுதானே சொல்லுவா?"

"உங்ககிட்ட சிரிச்சா."

வாத்தியார் துண்டை எடுத்தார். பஞ்சு காப்பாற்றியிருந்தது, மொட்டின் மேல் சுண்ணாம்பு படவில்லை. நுனியில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. இரண்டு நாளில் விரிந்துவிடும். இத்தனை வருஷம் ஏங்கியது இதற்காகத்தான், ஆனால் இப்போது அதைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. கையாலேயே மண்ணைத் தோண்டித் தொட்டியை வெளியே எடுத்தார். தூரத்தில் மதிலோரமாகக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து மேட்டில் விழுந்த குழியில் மண்ணைத் தள்ளி மூடினார். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

மாலையை எடுத்துச் சாத்தப் போனவர், பாதியில் நின்றார்.

"லூர்து, அக்காவுக்கு எந்தப் பூ பிடிக்கும்?"

"கனகாம்பரம் அத்தான்" என்று சொல்லிவிட்டு, லூர்துராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.