மீனைப் பார்க்காத தண்ணீர்

“மொத குழாய் என்ன நெறம்?”

“மஞ்சள்க்கா.”

“ரெண்டாவது?”

“கரும்பச்சை. ஏங்க்கா இப்படி நாறுது?”

“முந்தாநாள் மத்தி கழுவுன தண்ணி, பன்னீரா மணக்கும்? மூணாவதச் சொல்லு.”

தையல் பழக வரும் ஜோவிதா மூன்றாவது கண்ணாடிக் குழாயை வாசல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளோடு ஒட்டிப் பிடித்தாள். “மஞ்சள்... இல்லக்கா, லேசா பச்சை.”

நஜீபா தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவதுதான் தொட்டித் தண்ணீர்.

காரைக்காலில் பர்தா தைப்பவர் நஜீபா. தையல் மெஷினுக்கு எதிரே கடல்மீன் தொட்டி. அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கண்ணுக்குத் தெரியாது. சோதனை மருந்தைச் சொட்டவிட்டால், நல்ல தண்ணீர் மஞ்சளாகும். அமோனியா இருந்தால் பச்சையாகும். எல்லோரும் ஒரு குழாயோடு நிறுத்திக்கொள்வார்கள். நஜீபாவுக்கு அது போதாது.

“மருந்து கெட்டுப்போயிருந்தா? அத யாரு சோதிக்கிறது?”

அதற்காகத்தான் இரண்டு சாட்சிகள். உப்பு கலந்து மூடிவைத்த, “மீனையே பாக்காத தண்ணி” மஞ்சளாக வேண்டும். மத்தித் தண்ணீர் பச்சையாக வேண்டும். இரண்டும் சரியாகச் சொன்னால்தான் மூன்றாவதை நம்புவார். கடல் பக்கத்திலேயே இருக்க உப்பு வாங்குகிறாரே என்று தெருவில் கேலி செய்தால், “கடலுக்கு யாரும் மூடி போட்டு வைக்கலியே” என்பார்.

விளக்கு வெளிச்சத்தில் எதையும் பார்க்க மாட்டார். “டியூப் லைட்டுல எடுத்த நூலு வெயில்ல வேற நெறம் காட்டும். இதும் அப்படித்தான்.”

அன்று மூன்றாவது குழாயில் பச்சை தெரிந்தபோது, தொட்டிக்குள் கல்லில் ஆரஞ்சு முட்டைகள் ஒட்டியிருந்தன. ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. தண்ணீரை மாற்றாவிட்டால் மீன்கள் தாங்காது. மாற்றும்போது மிரண்டால் தங்கள் முட்டைகளையே தின்றுவிடும்.

குவைத்திலிருந்து வீடியோவில் வந்த கணவர் ரிஃபாய், “எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது, விடு” என்றார்.

“போன்ல நானே செவப்பாத்தாங்க தெரியுறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார் நஜீபா.

நஜீபாவின் முகம் வாடியதைப் பார்த்த ஜோவிதா, “மஞ்சளாகூட இருக்கும்க்கா” என்றாள். நஜீபா அதைக் காதில் வாங்கவில்லை. டம்ளரால் மொண்டு மொண்டு பழைய தண்ணீரை எடுத்தார். புதியதைக் கண்ணாடிச் சுவரோரம் நூல்போல வழியவிட்டார். மெஷினில் ஒரு பர்தா பாதித் தையலோடு கிடந்தது. ஆண் மீன் கல்லைவிட்டு நகரவில்லை.

பிறகு மறுபடி மூன்று குழாய்கள், மறுபடி மருந்து. நிறம் ஏறியதும் மூன்றாவதைத் தாளோடு ஒட்டிப் பிடித்த ஜோவிதா, பதில் சொல்லுமுன் நிமிர்ந்து நஜீபாவைப் பார்த்தாள்.

நஜீபா துப்பட்டாவை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

“என் மூஞ்சியப் பாத்து மஞ்சளாக்காத புள்ள. கொழாயப் பாத்துச் சொல்லு.”