இருபது அடி தள்ளி நிற்கும் வெர்னா

"வெர்னா வந்திருக்கேன்! கையில காப்பி இருக்கு. போலீசும் இல்ல, பாதிரியும் இல்ல!"

ஆற்றங்கரைப் புதரோரம் நிற்கும் அந்தப் பழைய காருக்கு இருபது அடி தள்ளி நின்றுதான் இப்படிக் கூவுவார் வெர்னா. அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். உள்ளேயிருந்து ஓர் இருமலோ, கதவு திறக்கும் சத்தமோ, குறைந்தபட்சம் ஒரு வசவாவது வரவேண்டும். எதுவும் வராவிட்டால் காப்பியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருமுறை புதிதாக வந்த காவலர் ஒருவர் நேரே போய்க் கார் கண்ணாடியைத் தட்டிவிட்டார். "அது அவங்க வாசல். பெல் இல்லைங்கிறதுக்காக உள்ள பூந்துருவீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார் வெர்னா. அந்த மனிதர் இப்போதெல்லாம் முப்பது அடியில் நிற்கிறார்.

வெர்னா டாலஃப்சனுக்கு வயது அறுபத்து மூன்று. மொன்டானா மாநிலத்தின் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது பேருந்தைத் திருப்பிக் கொடுத்தார், பழக்கங்களைக் கொடுக்கவில்லை. பின்னால் இருப்பவரோடு பேசும்போது தலையைத் திருப்பாமல் மேலே கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். என் மருந்துக்கடையில் நின்று பேசும்போதும் பார்வை மேலே போகும். அங்கே கண்ணாடி இல்லை, என் மின்விசிறிதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் என்னை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏய் மருந்துக்கடை, செவ்வாக்கெழம சும்மாதானே இருக்க, வண்டில ஏறு" என்றார் ஒருநாள். அன்று ஏறியவன்தான், இன்னும் இறங்கவில்லை.

பேருந்து ஓட்டிய காலத்து ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை இன்றும் போட்டிருக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் அதைக் கழற்ற மாட்டார். அடுப்புப் பக்கத்தில் நின்று வியர்த்து வழிந்தாலும் கழுத்துவரை ஜிப்பு ஏறியிருக்கும். கேட்டால், "கழட்டினா உக்காரத் தோணும். உக்காந்தா அடுத்த ஸ்டாப்பு போச்சு" என்பார். ஸ்டாப்பு என்பது ஆட்கள் தங்கியிருக்கும் இடம். பாலத்தடி முதல் ஸ்டாப்பு, தானியக் கிடங்கின் பின்புறம் இரண்டாவது, காட்டுக்குள் வண்டி நிறுத்துமிடம் மூன்றாவது. "வீடில்லாதவர்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "இன்னும் வந்து சேராதவங்க" என்பார்.

எங்கள் ஊரில் அப்படி யாருமே இல்லை என்றுதான் எல்லாரும் சத்தியம் செய்தார்கள், நானும் சேர்த்தி. நகரத்தில் நடைபாதையில் படுத்திருந்தால் கண்ணில் படும். இங்கே ஒருவருக்கு வீடு போய்விட்டால் காரை எடுத்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போய்விடுவார். வெர்னாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அக்கா தங்கை இரண்டு பேர், தலையைப் படியச் சீவி, ஒரே மாதத்தில் நான்கு வெவ்வேறு இடங்களில் நின்று அவர் பேருந்தில் ஏறினார்கள். ஐந்தாவது இடத்தில் அவர்கள் ஒரு காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டார். மறுவாரமே மாவட்டக் குழுவினரைப் பேருந்தில் ஏற்றி, காலையில், பதினோரு ஸ்டாப்பு காட்டினார்.

அப்படிப் பிறந்ததுதான் 'பள்ளத்தாக்குக் கூரை' சங்கம். மாட்டுச் சந்தை நடந்த பழைய மைதானத்தில், வார இறுதிகளில் ஊரார் வந்து ஆணி அடித்து முதலில் ஆறு சின்ன வீடுகள் எழுப்பினோம். ஒன்றரை அறை, ஓர் அடுப்பு, பச்சைக் கூரை. எலி வளையானாலும் தனி வளை என்பதை வெர்னாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "எலின்னு சொல்லாத, ஏற்கெனவே ரெண்டாம் நம்பர்ல தொல்ல" என்றார்.

வீட்டுக்கு ஒரு விதி உண்டு. முப்பது நாளுக்குள் அதில் படுத்து உறங்கத் தொடங்காவிட்டால், வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். எழுதியவர் வெர்னாவேதான். முதல் குளிர்காலத்தில் ஒருவர் வருவார் வருவார் என்று ஒரு வீட்டைப் பூட்டியே வைத்திருந்தோம். அதே வாரம், அரை மைல் தள்ளிக் காரில் படுத்திருந்த ஒரு கிழவருக்கு உறைபனியில் இரண்டு கால்விரல்கள் போயின. அன்று இரவே விதியை எழுதிவிட்டார்.

அந்த விதியில் போன அக்டோபரில் வந்து மாட்டியவர் டெல்பர்ட்.

டெல்பர்ட் ரஸ்க் அறுவடை இயந்திரம் ஓட்டி ஊர் ஊராகப் போனவர். முதுகு போயிற்று, வேலை போயிற்று, வாடகைக்கு இருந்த குடிசையை யாரோ வாங்கி இடித்தார்கள். ஆறு வருடமாக நீலநிறப் பிக்கப் வண்டியின் நீளமான ஒற்றை முன்சீட்டில்தான் படுக்கை. நெட்டை மனிதர்; முழங்காலை மடித்துச் சீட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டு உறங்குவார். எங்கே நிறுத்தினாலும் வண்டி மூக்கு சாலையைப் பார்த்துத்தான் இருக்கும், சாவி அதன் துளையிலேயே தொங்கும். எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து "இங்க நிக்காதே" என்பார்கள் அல்லவா?

நான்காம் நம்பர் வீட்டைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். சமைப்பார், குளிப்பார், துணி துவைத்து மடித்து வைப்பார். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

வெர்னாவை இதில் ஏமாற்ற முடியாது. காலையில் வண்டிக் கண்ணாடியைப் பார்ப்பார். உள்ளே மூச்சு விட்டிருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் படர்ந்து நிற்கும். இருபத்து மூன்று நாளும் நின்றது.

"வீடு நல்லாருக்கு வெர்னா, குறையே இல்ல. தப்பா நெனச்சுக்காத. எனக்குத்தான் அதுக்குள்ள தூக்கம் வரமாட்டேங்குது" என்றார் டெல்பர்ட்.

தப்பு எங்களுடையது என்று அப்போது தோன்றவில்லை. விடுதிக்காரர் கொடுத்த பெரிய கட்டிலைப் போட்டு, மூன்று தலையணை வைத்து, தேவாலயப் பெண்கள் தைத்த கனத்த போர்வைகளை அடுக்கியிருந்தோம். ("இந்த ஊர்ல ஆளுக்கு ஏழு போர்வ குடுப்பாங்க. கூர கேட்டாத்தான் கூட்டம் போடணும்பாங்க" என்பது வெர்னாவின் நிரந்தரப் புலம்பல்.) கட்டிலைச் சுவரோரம் தள்ளினோம், சமையலறைக்கு மாற்றினோம். வண்டிக் கண்ணாடியில் ஈரம் குறைந்தபாடில்லை.

இருபத்து நான்காம் நாள் சங்கம் கூடியது. தீவனக்கடை க்ளென்தான் தலைவர். "பட்டியல்ல அடுத்தது ரோவீனா. குதிரை ஏத்தற டிரெய்லர்ல படுத்துக் கெடக்கு. பனி வரப்போவுது. விதிய எழுதினது நீதான் வெர்னா" என்றார்.

"நான்தான் எழுதினேன். எழுதறப்போ டெல்பர்ட்ட எனக்குத் தெரியாது."

"அப்போ ரோவீனாவுக்கு நீயே போய்ச் சொல்லு."

வெர்னா மேலே, இல்லாத கண்ணாடியைப் பார்த்தார். ரோவீனாவின் நெஞ்சு இழுப்புக்கு மருந்து கொடுப்பவன் நான். ஆகவே க்ளென் பக்கம்தான் கை தூக்கினேன்; மறைப்பதற்கில்லை. முப்பதாம் நாள் வீடு கைமாறும் என்று முடிவாயிற்று.

இருபத்தேழாம் நாள் செவ்வாய்க்கிழமை. வெர்னா நீல வண்டிக்கு இருபது அடியில் நின்று வழக்கம்போல் கூவினார். டெல்பர்ட் இறங்கி வந்ததும், "உன் வண்டில கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். டெல்பர்ட் சிரிக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு முழங்காலை மடித்துப் படுத்தார் வெர்னா. பத்து நிமிடம் சத்தமே இல்லை. உறங்கியே விட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். முதுகைச் சீட்டில் அழுத்திக்கொண்டு விழித்துத்தான் கிடந்தார்.

எழுந்து உட்கார்ந்து, "ஏண்டா டெல்பர்ட், முதுகுக்குப் பின்னால யாரோ காவல் நிக்கற மாதிரில்ல இருக்கு! இத விட்டுட்டு அந்த மைதானம் மாதிரிக் கட்டில்ல எவன் தூங்குவான்?" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இத அப்படியே கழட்டி உள்ள போட்டுரலாமா?" என்றார்.

டெல்பர்ட் முகம் வெளுத்தது. திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

"சீட்ட கழட்டிட்டா வண்டி எப்படி ஓட்டறது? எவனாச்சும் வந்து கிளம்புன்னா நான் எப்படிக் கிளம்பறது?"

இங்கே யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று நாளில் நாங்களே சொல்லவிருந்தது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். வெர்னா அந்த மாதிரி வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை.

"நாலு போல்ட்டு. கழட்டி உன் கையிலயே தர்றேன். என் ஸ்பேனரும் உன்கிட்டயே இருக்கட்டும். எப்பக் கிளம்பணும்னு தோணுதோ சொல்லியனுப்பு, இருபது நிமிஷத்துல நானே வந்து மாட்டித் தர்றேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவ. பிள்ளைங்க வாந்தி எடுத்த சீட்ட எத்தன தடவ கழட்டி மாட்டியிருப்பேன்!"

அந்த ஸ்பேனரை அவர் சொந்தத் தம்பிக்கே இரவல் தந்ததில்லை என்பது ஊருக்குத் தெரியும். டெல்பர்ட்டுக்கும் தெரியும். மெல்ல வண்டிக்குள் குனிந்து, ஆறு வருடமாகத் தொங்கிய சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பின்பக்கத்து ரெண்டும் துரு. எண்ணெ விட்டுக் கழட்டு, உடைச்சிராத" என்றார்.

நானும் டெல்பர்ட்டும் சீட்டைத் தூக்கிப்போய்ச் சுவரோரம் போட்டோம். கட்டில் வெளியே போயிற்று. மறுநாள் காலை உறைபனி. கடை திறக்கும் முன்பே நானும் போய் நின்றேன், மனசு கேட்கவில்லை. நீல வண்டிக் கண்ணாடியில் வெளிப்பக்கம் வெள்ளைப் பனி பூத்திருந்தது. வெர்னா ஓரிடத்தில் நகத்தால் சுரண்டிவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார். உள்பக்கம் உலர்ந்து கிடந்தது. என்னைப் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ரோவீனாவை ஏழாம் வீடு முடியும்வரை தம் சமையலறைக்குப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ள க்ளென் தாமே முன்வந்தார். அந்த வீட்டுக்கு வரவேண்டிய ஜன்னல்கள் வந்து சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே ரோவீனா அங்கே குடிபோய்விட்டார்.

போன செவ்வாய் நல்ல பனி. இன்னும் மூன்று ஸ்டாப்பு பாக்கியிருந்தன. நான்காம் நம்பருக்கு இருபது அடியில் பழக்கதோஷத்தில் நின்று, "வெர்னா வந்திருக்கேன்! கையில காப்பி" என்று ஆரம்பித்தார்.

"கதவுன்னு ஒண்ணு எதுக்கு வச்சுக் குடுத்தீங்க? தட்டிட்டு வா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அந்தக் காப்பிய வெளியவே வச்சிரு. நான் நல்லதாவே போட்டிருக்கேன்."

வெர்னா போய்த் தட்டினார். உள்ளே சுவரோரம் அந்தச் சீட்டு, அதன்மேல் ஒரே ஒரு போர்வை. கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை அடித்திருந்தது. அதில் துளை போட்டு நான்கு போல்ட்டுகளையும் வரிசையாக முடுக்கியிருந்தார் டெல்பர்ட், துணி மாட்ட. முதலாவதில் அவர் தொப்பி, அடுத்ததில் கோட்டு, மூன்றாவதில் ஸ்பேனர். நான்காவது காலி.

வெர்னா அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கழுத்திலிருந்து ஜிப்பைக் கீழே இறக்கி, ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி நான்காவது போல்ட்டில் மாட்டினார்.